எந்த நாளில் மொண்ட தண்ணீர்

"சார், கம்பெனிப் பணத்துல செய்யற ஆராய்ச்சி நேர்மையா இருக்குமா, கவர்மென்ட் பணத்துல செய்யறதா?" பொன்னேரியில் நான் பாடம் நடத்திய கடைசி ஆண்டில் ஒரு மாணவி கேட்டாள். கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த தோழி வளர்மதியிடம் அவளை அனுப்பினேன். சென்ற வாரம் வளர்மதி மறைந்த செய்தி தொலைபேசியில் வந்தபோது, முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான்.

இந்த அஞ்சலியைப் படிக்கும் உங்களில், அவரோடு பழகிய சிலருக்கு அந்தக் கிணறு தெரியும். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், ஒரு தெரு முழுக்கக் குடித்த கிணறு. அதன் நீரைச் சோதிக்க அருகிலிருந்த ஆலையே வளர்மதிக்கு நிதி கொடுத்தது. நானும் உடன் போனேன். அந்தத் தெருவில் குடியிருந்து, ஆலையில் ஒப்பந்த வேலை செய்த ரோசி பெருமையோடு வரவேற்றார்.

"மேடம் வர்றீங்கன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. பழைய தண்ணிய மோட்டார் போட்டு எறச்சிட்டு, ஒரு லாரி நல்ல தண்ணி ஊத்தி வச்சிருக்கோம். லாரிகூட கம்பெனிதுதான். வர்றவங்களுக்கு அழுக்குத் தண்ணியா குடுக்கறது?"

வளர்மதி கோபப்படவில்லை. கையிலிருந்த பாட்டிலை நிரப்பாமலே மூடினார். "விருந்தாளிக்கு ஊத்தி வச்ச தண்ணி எனக்கு வேணாம்மா. உன் பொண்ணு நேத்து குடிச்சதுதான் வேணும்."

அன்றைய நீரையே சோதித்து எழுதச் சொன்னது ஆலை. மறுத்தார். நிதி நின்றது.

அடுத்து அரசு நிதி கிடைக்கவே சில ஆண்டுகள் ஆயின. இம்முறை யாருக்கும் சொல்லாமல் போய் மொண்டார். நீரில், குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் ஈயம் இருந்தது. அறிக்கை பரிசீலனையில் இருக்கிறது, அதுவரை வெளியே பேசக் கூடாது என்றது நிதி கொடுத்த அரசு அலுவலகம். மாதங்கள் போயின. பொறுக்காமல் தெருவுக்கே போய்ச் சொல்லிவிட்டார். அதன்பின் எந்த நிதியும் அவருக்கு வரவில்லை.

ரோசியின் மகளுக்கு அதற்குள் படித்தது எதுவும் மனத்தில் நிற்காமல் போயிருந்தது. காரணம் அந்த நீர்தானா என்று எந்த மருத்துவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. "இன்னா மேடம், இத்தினி நாளா எங்க போயிருந்தீங்க?" என்றார் ரோசி. வளர்மதி தலைகுனிந்து நின்றதை அன்றுதான் பார்த்தேன்.

அந்த மாணவிக்கு அவர் சொன்ன பதில் இது: "எப்ப மொள்ளணும்னு கம்பெனி முடிவு பண்ணுச்சு. எப்ப சொல்லணும்னு கவர்மென்ட் முடிவு பண்ணுச்சு. அது ரெண்டும் சோதிக்கறவங்க கையில இல்லன்னா, பணம் யாருதா இருந்து இன்னா?"

நிரப்பாமல் மூடிய அந்தப் பாட்டிலின் நினைவுதான் என்னிடம் அவருடையதாக இருக்கிறது. உங்கள் ஊர்த் தண்ணீர் நல்லது என்று யாராவது சொன்னால், எந்த நாளில் மொண்டது, அந்த நாள் யாருக்கெல்லாம் முன்பே தெரியும் என்று கேளுங்கள்.