அக்கா சீற்றை மட்டும் உயர்த்தச் சொன்னாள்

அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இந்தச் சீற்றைக் கொஞ்சம் உயர்த்தி விடடா. ஓடேக்கை முழங்கால் நெஞ்சிலை இடிக்குது."

அது ஒரு சனிக்கிழமை காலை. திங்கட்கிழமை அவளுக்குப் புது வேலை, துறைமுகப் பக்கம் ஒரு பெரிய களஞ்சியத்தில். ஆறு மணிக்கு உள்ளே நிற்க வேண்டும். முதல் பஸ்ஸைப் பிடித்து, மெற்றோ மாறி, இன்னொரு பஸ் ஏறினாலும் ஆறரைக்குத்தான் வாசலுக்குப் போகலாம். காரை அப்பா பேக்கரி வேலைக்கு அதிகாலையிலேயே கொண்டுபோய்விடுவார். ஆகவே சைக்கிள்தான். முதல் மூன்று மாதம் எப்படி வேலை செய்கிறாள் என்று பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவார்களாம். முதல் நாளே பிந்திப் போனால் அதற்குமேல் பார்க்க ஒன்றும் இருக்காது என்று விரலை ஆட்டிச் சொன்னாள்.

சைக்கிள், பிரெஞ்சு பேசுகிற கீழ்வீட்டு மசியூ ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய் என்கிற ஊருக்கு வீடு மாறும்போது எங்களுக்குச் சும்மா தந்துவிட்டுப் போனது. என்னைவிட இரண்டு மடங்கு வயது. மெல்லிய சட்டம், அழகான பச்சை. பிரான்ஸிலிருந்து கொண்டுவந்தது என்று அவர் பெருமையாகச் சொன்னார். அதை நான் அழகு சம்பந்தப்பட்ட தகவலாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மரை கழற்றுகிற சாவியை எடுக்க முதல் ஒருக்கால் ஏறி ஓடிப் பார்ப்போம் என்று தெருவில் இறங்கினேன். டக். ஒவ்வொரு மிதிக்கும் ஒரு டக். எனக்கு உடம்பெல்லாம் சந்தோசம். குளிர்காலம் முழுக்க சைக்கிள் திருத்துகிற வீடியோக்களைப் பார்த்து, கருவிகளை ஒவ்வொன்றாக வாங்கி அடுக்கிவைத்துவிட்டு, டொக்டர் மாதிரி ஒரு வருத்தக்காரனுக்காகக் காத்திருந்தவன் நான். மிதிக்கும்போது டக் என்றால் இரண்டு பெடல்களையும் இணைக்கிற அச்சில் பிழை. இது எனக்கு நித்திரையிலும் தெரியும். அந்த அச்சுக்குப் பதிலாகப் போடுகிற புதுச் சாமான் ஒன்றுகூட என் கட்டிலுக்குக் கீழே பெட்டியோடு இருந்தது. எந்தச் சைக்கிளுக்கென்று வாங்கினாய் என்று கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று போட்டிருந்தது, வாங்கினேன்.

பின் பல்கனியில் கடை விளம்பரத் தாள்களை விரித்து, சைக்கிளைக் கவிழ்த்து, பெடல் தண்டுகளைக் கழற்றினேன். அம்மா குசினிக் கதவால் எட்டிப் பார்த்தா.

"சீற்றைத்தானே கேட்டவள்?"

"அம்மா, இது அடிப்படைப் பிரச்சினை."

"சீற் மேலை இருக்கு. நீ கீழை கழட்டுறாய்."

அச்சை இரண்டு பக்கமும் கிண்ணம் மாதிரி ஒரு மூடி மரையால் பிடித்திருக்கும். இடப்பக்கத்து மூடி எல்லா மூடிகளையும் போலத்தான் கழரும். வலப்பக்கத்து மூடியை மாற்றிச் சுற்ற வேண்டும், அதாவது மணிக்கூடு சுற்றுகிற பக்கம். சாதாரண ஆட்கள் இதில்தான் பிழைவிடுவார்கள். நான் பிழைவிடவில்லை. சரியாகச் சுற்றினேன். மூடி அசையவில்லை.

வேலையால் வந்து படுத்திருந்த அப்பா, நான் முனகின சத்தத்துக்கு எழும்பி வந்தார்.

"என்னடா மல்லுக்கட்டுறாய்?"

"வலப்பக்கம் கழருதில்லை அப்பா."

"எந்தப் பக்கம் சுத்துறாய்?"

"மணிக்கூடு சுத்திற பக்கம்."

"அது சரி. யாழ்ப்பாணத்திலை எங்கட சைக்கிளெல்லாம் அப்பிடித்தான். உனக்குப் பலம் காணாது, அவ்வளவுதான். தள்ளு."

எங்கள் வீட்டில் இணையமும் யாழ்ப்பாணமும் ஒரு விசயத்தில் ஒத்துப்போனதை நான் அதற்கு முதல் கண்டதில்லை. இதற்கு மேல் என்ன சாட்சி வேணும்? அப்பா உள்ளே போய் வீடு கூட்டுகிற வக்கும் கிளீனரின் இரும்புக் குழாயைக் கொண்டுவந்து சாவியின் பிடியில் செருகினார். இப்போது பிடி என் காலளவு நீளம். மாப் பிசைந்து பிசைந்து உரமேறிய கை. முழு உடம்பையும் போட்டுச் சாய்ந்தார்.

"அசைஞ்சிட்டுது!"

உண்மையாகவே அசைந்தது. இரண்டு பேரும் கையைத் தட்டிக்கொண்டோம். இன்னும் கொஞ்சம் அசைந்தது. பிறகு ஒட்டிவைத்த மாதிரி நின்றுவிட்டது. இதற்கும் ஏதாவது வழி இருக்கும் என்று போனில் தேடினேன். ஒரு வரி வந்தது. வலப்பக்கம் மாற்றிச் சுற்றுவது இங்கிலாந்து முறை. பழைய பிரெஞ்சுச் சட்டங்களில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் கழரும். திரும்ப வாசித்தேன். பச்சைச் சட்டத்தைப் பார்த்தேன்.

"அப்பா."

"என்ன?"

"இந்தப் பக்கம் சுத்தினால் இறுகுமாம்."

"அப்ப இவ்வளவு நேரமும் நாங்கள்?"

"இறுக்கினனாங்கள்."

அப்பா குழாயைக் கழற்றி, துடைத்து, வக்கும் கிளீனரிலேயே திரும்பக் கொழுவிவிட்டுப் படுக்கப் போனார். யாழ்ப்பாணத்துக்கு வெள்ளைக்காரன் கொண்டுவந்தது இங்கிலீசு மரை. பிரெஞ்சு பேசுகிற இந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்தது பிரெஞ்சு மரை. பள்ளிக்கூடம் முழுக்கப் பிரெஞ்சில் படித்தவன் நான். இதை மட்டும் ஒருத்தரும் படிப்பிக்கவில்லை.

பின்னேரம் அக்கா புரோசார்ட் பக்கத்துக் கடையொன்றில் வேலைச் சப்பாத்து வாங்கிக்கொண்டு வந்தாள்.

"சீற் உயர்ந்திட்டுதோ?"

"இன்னும் இல்லை."

தாளில் கிடந்த பெடல்களைப் பார்த்தாள். "டேய், இதென்ன?"

"சைக்கிள்தான் அக்கா. கொஞ்சம் பிரிச்சு வைச்சிருக்கு."

"திங்கட்கிழமை விடிய நான் இதிலை ஏறிப் போகோணும். விளங்குதோ? இல்லாட்டி உன்ர முதுகிலை ஏறிப் போவன்."

ஞாயிற்றுக்கிழமை வலப்பக்கத்தைக் கைவிட்டு இடப்பக்கத்தால் புகுந்தேன். இடப்பக்கத்து மூடி வெண்ணெய் மாதிரிக் கழன்றது. அந்த ஓட்டையில் என் புதுச் சாமானை மெல்ல விட்டுப் பார்த்தேன். இரண்டு சுற்று உள்ளே போய் நின்றுகொண்டது. பெரிய சாவியை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தாள்.

"பொருந்துதோ?"

"கொஞ்சம் பலம் குடுத்தால்..."

"அதுக்குப் பேர் பொருந்திறதில்லை."

"மயிரிழைதான் அக்கா வித்தியாசம்."

"நேற்றுச் சப்பாத்துக் கடைக்காரனும் அதைத்தான் சொன்னவன். நான் வாங்கேல்லை. வேறை கடைக்குப் போனனான்."

புதுச் சாமான் திரும்பவும் கட்டிலுக்குக் கீழே போனது. பழைய அச்சையும் அதைச் சுற்றி உருள்கிற சின்ன இரும்புக் குண்டுகளையும் பாத்திரம் கழுவுகிற சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். குண்டுகள் தண்ணீரோடு ஓடிவிடாமல் சல்லடை மாதிரி ஒரு வடிக்குள் போட்டுத்தான் கழுவினேன். "அது தேத்தண்ணி வடி!" என்று அம்மா கத்தினபோது வேலை முடிந்துவிட்டது. புதுக் கிறீஸ் பூசி, குண்டுகளை அடுக்கி, மூடி, பெடல் தண்டுகளைப் பூட்டினேன். கையால் சுற்றினால் காற்று மாதிரிச் சுற்றியது. தெருவில் இறக்கி ஏறி ஓடினேன்.

டக்.

வெளிப்படிக்கட்டில் போய் இருந்துவிட்டேன். அக்கா சைக்கிளை வாங்கி ஏறி ஓடினாள். மூலைவரை போய்த் திரும்பினாள். எழும்பி நின்று மிதித்தாள், பிறகு இருந்து மிதித்தாள், திரும்பவும் எழும்பினாள்.

"டேய், நான் எழும்பினால் சத்தம் இல்லை."

"அது அச்சிலை பாரம் மாறுறதாலை..."

"நான் இருந்தால் கத்துது. எழும்பினால் பேசாமல் இருக்கு. அப்ப சத்தம் எங்கை? எஞ்சினியரிங்கோ நீ படிக்கிறாய்?"

சீற்றைத் தாங்குகிற குழாய் சட்டத்துக்குள் காய்ந்து, துருவேறி, இறுகிக் கிடந்தது. அக்கா சட்டத்தைப் பிடிக்க, நான் சீற்றை இரண்டு பக்கமும் முறுக்கி இழுத்தெடுத்தேன். துருவைத் துடைத்து, கிறீஸ் பூசி, நாலு விரல் உயர்த்தி இறுக்கினேன். அம்மா தேத்தண்ணி ஊற்றி முடிக்கமுதல் வேலை முடிந்துவிட்டது. அந்தத் தேத்தண்ணியை ஒருவரும் குடிக்கத் துணியவில்லை.

திங்கட்கிழமை விடிய, "நானும் துணைக்கு வாறன்" என்றேன். "வேண்டாம்" என்றாள். நான் என் சைக்கிளில் கொஞ்சம் பின்னாலே போனேன். தண்டவாளப் பாலத்துக்குக் கீழால், பெரிய லொறிகள் வரிசையாக நிற்கிற தெருவால், அவள் ஒரே சீராக மிதித்துக்கொண்டு போனாள். களஞ்சிய வாசலில் ஆட்கள் அப்போதுதான் உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள். ஆறுக்கு இன்னும் பத்து நிமிசம் இருந்தது. அவள் சைக்கிளை வேலியோடு பூட்டிவிட்டு நிமிர்ந்தபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"சத்தம் வருதோ அக்கா?"

"வருது."

குனிந்து பெடலைப் பார்த்தேன். "எங்கையிருந்து?"

"உன்ர வாயிலையிருந்து. போடா வீட்டை."

புதுச் சப்பாத்துத் தடதடக்க உள்ளே போனாள்.