பஃப் கை வைத்த பெட்டி

டெய்லரக்கா யோசிக்கும்போது வாயில் குண்டூசி இருக்கும். உதட்டோரம் வரிசையாகக் கவ்விக்கொண்டு, தலையைச் சாய்த்துத் துணியைப் பார்ப்பார். அந்த நேரத்தில் வீடு பற்றி எரிந்தாலும் பதில் வராது. அவருடைய கணவர் பஸ் ஓட்டுநர். ஊர் முழுக்க ஹாரன் அடித்துவிட்டு வருகிறவர், வீட்டில் குண்டூசியைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வார்.

அன்று அக்கா பார்த்தது துணியை அல்ல, ஒரு பழைய கம்ப்யூட்டர் பெட்டியை.

கடையின் பின்னறையில் எம்ப்ராய்டரி மெஷினை ஓட்டுவது அந்தக் கம்ப்யூட்டர்தான். தையல் கடையின் பஞ்சும் நூல்தூசியும் உள்ளே புகுந்து, போன வாரம் அது உயிரை விட்டது. மெக்கானிக் புது போர்டு மாட்டினார். அதன் மேலிருந்த விசிறி ஒரு விரல் உயரம் கூடுதலாக இருக்கவே, பெட்டியின் பக்கத் தகடு மூட மாட்டேன் என்றது. மூடாமல் விட்டால் மறுபடியும் பஞ்சு. மறுநாள் காலை பெயர் தைத்த நர்ஸ் கோட்டுகள் மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். தவறினால் அந்த வாடிக்கை கைவிட்டுப் போகும். கடை ஓடுவதே அதில்தான்.

"பெட்டியை மாத்துங்க, இல்ல வெட்டுங்க. வெட்டிக் கோணிடுச்சுன்னா என்னைக் கேக்காதீங்க" என்று சொல்லி மெக்கானிக் நழுவிவிட்டார்.

கணவர் கையோடு ஒரு புதுப் பெட்டி வாங்கி வந்தார். அவருக்கும் பழைய பெட்டிக்கும் ஜென்மப் பகை. வாராவாரம் அதைத் திறந்து தூசி தட்டுவது அவர் வேலை. திறக்கும்போதெல்லாம் தகர விளிம்பு அவர் விரலைப் பதம் பார்க்கும். அன்றும் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி இருந்தது.

"கடிக்கிற சனியனைத் தூக்கிப் போடும்மா. இதப் பாரு, எவ்வளவு லட்சணமா இருக்கு!"

அக்கா மறுக்கவில்லை. முறைப்படி டிரயல் பார்த்தார். எம்ப்ராய்டரி மெஷினோடு வந்த, கம்ப்யூட்டருக்குள் செருகும் நீளமான கார்டு ஒன்று உண்டு. அது இல்லாமல் மெஷின் ஓர் எழுத்துகூடத் தைக்காது. புதுப் பெட்டிக்குள் வைத்தால் அதன் முனை இடித்தது. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சுத் திண்டில் குத்தினார்.

"ரெடிமேட் நல்லாத்தாங்க இருக்கு. தோள் பத்தல. பழசையே பிரிச்சு விட்டுடலாம்."

"தகரத்தையா?"

"தகரத்துக்கு பஃப் கை வச்சா ஆகாதா?"

கணவருக்குச் சிரிப்பு வந்தது. அக்கா செய்தித்தாளில் பாட்டர்ன் வெட்டத் தொடங்கியதும் அது அடங்கிவிட்டது. பக்கத்து வெல்டிங் கடையிலிருந்து தகரக் கத்தரி வந்தது. சாக்கட்டியால் தகட்டில் விசிறிக்கு நேரே வட்டம் போட்டு, ஓரத்தில் துளையிட்டு, கத்தரியை இறக்கினார்.

தகரம் கிறீச்சிட்டபோது கணவர் காதைப் பொத்திக்கொண்டார். அக்காவின் கத்தரி நின்ற இடத்திலேயே நின்றது. ரவிக்கைக்குக் கழுத்து வெட்டும்போது துணியைத் திருப்புவாரே, அப்படித் தகட்டைத்தான் மெல்லத் திருப்பினார். தினமும் பார்க்கிற கைகள்தான். இருந்தும் கணவருக்கு மெய்சிலிர்த்தது. இப்படிப்பட்ட ஒருத்தியிடமா போன வாரம் ரசத்தில் உப்பில்லை என்று சண்டை போட்டோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

பட்டன் டப்பாவின் மூடி வட்டத்தின் மேல் குமிழாக உட்கார்ந்தது. காற்றுக்கு அதில் ஆணியால் பொத்தல்கள். பஞ்சு நுழையாதிருக்க உள்ளே வலைத்துணி லைனிங். தகடு கோணாமல் சரக்கென்று பள்ளத்தில் ஏறியது. சுவிட்சைத் தட்டினார். மெஷின் தடதடத்து முதல் கோட்டில் ஒரு பெயரை முழுதாகத் தைத்து முடித்தது.

"அடேயப்பா!" என்றார் கணவர்.

கோட்டுகள் எல்லாம் முடிந்ததும் அக்கா கம்ப்யூட்டரை அணைத்தார். தகட்டை மறுபடியும் கழற்றினார்.

"அதான் எல்லாம் முடிஞ்சிடுச்சே. இன்னும் என்ன?"

குண்டூசி வாய்க்குப் போய்விட்டது. மிச்சம் கிடந்த நீலத் துணிப் பட்டியை மடித்து, பசை தடவி, பெட்டியின் உள்விளிம்பு நெடுகப் பைப்பிங் வைத்தார். "உள்ளே யாரு பார்க்கப் போறா?" என்று கேட்க வாயெடுத்த கணவரின் கையை இழுத்தார். பிளாஸ்திரி போட்ட விரலைப் பிடித்து விளிம்பில் வைத்தார்.

அவர் பழக்கதோஷத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். விரல் எங்கும் தடுக்காமல் ஒரு சுற்று போய் வந்தது. அக்கா கையை விட்டுவிட்டார். விரல் இன்னொரு சுற்று போனது.