ஓசூருக்கு நான் கொண்டுவந்த கடல்

ஆழ்கடலின் அடியில் சுண்ணாம்பு சேர்வதற்கு எந்த அவசரமும் கிடையாது. கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் மேல்தண்ணீரில் வாழ்கின்றன, சாகின்றன. அவற்றின் ஓடுகள் தூசி மாதிரி கீழே இறங்குகின்றன. ஆயிரம் வருஷம் அப்படி விழுந்தால் விரற்கடை அளவு சேறு சேரும். அவ்வளவு பொறுமையான வேலையை, ஓசூர்ப் பக்கம் ஒரு கேழ்வரகுக் கொல்லையில், நான் ஒரே மத்தியானத்தில் செய்து முடித்தேன். நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. கோபத்தில் பாதி என்மேல். மீதிப் பாதி யார்மேல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பத்தைந்து, ஐம்பத்தாறு வாக்கில் என்று ஞாபகம். சிமெண்டுக்குக் கல் தேடும் ஒரு மதராஸ் கம்பெனியில் நான் மாதிரி எடுக்கிற ஆள். பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆபீசர் விரல் நீட்டிய இடத்தில் சுத்தியலால் உடைக்க வேண்டும், உடைத்ததைத் துணிப்பையில் போட வேண்டும், உள்ளே ஒரு சீட்டு, கழுத்தில் ஒரு சீட்டு, பிறகு முடிச்சு. நாற்பத்து மூன்று வயதில் இந்த உலகத்தில் எனக்கென்று இருந்த அதிகாரம் அந்த முடிச்சுதான்.

அந்த வேலையில் ஒரே ஒரு சட்டம் உண்டு. பழைய பையை உள்வெளியாகத் திருப்பிக் கல்லில் அடிக்க வேண்டும், துவைக்க வேண்டும், காயவைத்து மறுபடியும் அடிக்க வேண்டும். போன ஊரின் மண் ஒரு சிட்டிகை ஒட்டியிருந்தாலும் அது புது ஊரைப் பற்றிப் பொய் சொல்லும். இதைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் நான்தான் சொல்லிக் கொடுப்பேன். விரலை ஆட்டி ஆட்டிச் சொல்வேன்.

மத்திகிரியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருந்தோம். நானும் ஆபீசரும்தான். அவருக்கு முப்பது வயதிருக்கும். அதற்கு முன் அந்தமானில் கல் பார்த்துவிட்டு வந்தவர். ஓசூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் சுக்கான் கல் கிடைக்கும். வெள்ளை வெள்ளையாய், இஞ்சிக் கிழங்கு மாதிரி முடிச்சு முடிச்சாய், மண்ணுக்குள் ஓரடி ஈரடியில் கிடக்கும். மழைத்தண்ணீர் பாறையிலிருந்து கரைத்த சுண்ணாம்பு, மண் காயும்போது அங்கேயே உறைந்து உருளுவது அது. கடலுக்கும் அதற்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது. சிமெண்டுக்குத் தேறுமா என்று பார்த்துவிட்டுப் போவதுதான் எங்கள் வேலை.

அந்த வாரம் முழுக்க ஓசூர்த் தூறல் விடவில்லை. துவைத்த பை ஒன்றும் காயவில்லை. கையில் பை தீர்ந்துபோனதும் ஆபீசர் டிரங்குப் பெட்டியில் கிடந்த மூன்று அந்தமான் பைகளை எடுத்தேன். காலிப் பைகள்தான். ஆனால் உள்ளே முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி வெள்ளை மண் ஒட்டியிருந்தது. சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். புகை எழும்பியது, தும்மினேன். தும்மலோடு சுத்தம் முடிந்தது என்று வைத்துக்கொண்டேன். பசி வேறு.

அதில் ஒரு பை மத்திகிரிக்குத் தெற்கே ஒரு அம்மாளின் கொல்லைக்குப் போயிற்று. ஒன்றரை ஏக்கர், இடையில் அவரை போட்ட கேழ்வரகு. புருஷன் சானமாவுப் பக்கம் மரம் வெட்டும் வேலைக்குப் போயிருந்தார். அந்த அம்மாள் ஒருத்திதான் கொல்லையைப் பார்த்துக்கொண்டாள். நான் சுக்கான் கல்லைத் தோண்டுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு.

"இந்தக் கல்லுக்கா மதராஸ்லேருந்து வந்தீங்க, சாமி? எங்கூட்டுச் சுவத்துக்கு இதத்தான் சுட்டு நீத்துப் பூசறோம். வேணுமின்னா ஒரு கூடை அள்ளிட்டுப் போங்க."

"கூடையெல்லாம் வேண்டாம்மா. ஒரு பை போதும். பயிருக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன்.

"ஒரு பைதானே?"

"ஒரே பை."

மதராஸில் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு லெட்டர் போட்டார்கள். முப்பத்தேழாம் நம்பர் மாதிரியில் நுண்ணிய கடல் ஓடுகள் தெரிகின்றனவாம். அதுவும் கரையோரத்து ஓடுகள் இல்லை, ஆழ்கடலில் படிகிற வகை. மற்ற இரண்டு பைகளில் ஒன்றும் இல்லை. அந்த மட்டும் அந்தமான் என்மேல் இரக்கம் காட்டியது.

ஆபீசர் லெட்டரை நாலு தரம் படித்தார். டீக்கடை பெஞ்சில் என்னை உட்காரவைத்து, எனக்கு ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்து, ஓசூரில் கடல் இருந்த கதையைச் சொன்னார். ஆழத்துத் தண்ணீர் இந்தச் சோடா மாதிரிதானாம். குளிர்ச்சி, அழுத்தம், உள்ளே அடைபட்ட வாயு. அதில் விழுந்த ஓடு கரைந்துபோகும். அதனால் ரொம்ப ஆழமான பள்ளத்தில் சுண்ணாம்பு தங்காது, வெறும் களிமண்தான். கடலுக்கடியில் மேடுகள் உண்டு; மலைமேல் பனி படிவது மாதிரி அந்த மேடுகளில்தான் வெள்ளைச் சேறு படியும். சில சமயம் பூமி அதிர்ந்தால் மேட்டிலிருக்கும் சேறு மொத்தமும் சரிந்து, கலங்கி ஓடி, பள்ளத்தில் போய் விரிப்பு விரித்த மாதிரி அடங்கும். கனத்த துகள் முதலில், மெல்லிசு கடைசியில்.

"இந்த ஊர் அப்படி ஒரு மேடா இருந்திருக்கு. யாருக்கும் தெரியாம இருந்திருக்கு பாரு" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன்.

எனக்கு சோடா மூக்கில் ஏறியது. முப்பத்தேழு என்ற எண்ணைக் கேட்ட நிமிஷமே எந்தப் பை என்று தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் வீரச் செயல்கள். குடத்தில் தண்ணீர் இருக்கும்போதே தண்ணீருக்குப் போனேன். ஏற்கெனவே முடிச்சுப் போட்ட பைகளை அவிழ்த்து மறுபடியும் முடிந்தேன். பிறகு, இருந்தாலும் இருக்கலாமே என்று ஆரம்பித்தது புத்தி. உலகத்தில் எந்த இடம்தான் ஒரு காலத்தில் கடலாக இல்லை? கருங்கல் பாறைக்கு நடுவில் கொஞ்சம் கடல் ஒளிந்திருக்கக் கூடாதா? ஒரு வாரம் முழுக்க நான் அந்தக் கடலை மனதார நம்பினேன். என் வேலையைக் காப்பாற்ற பகவான் கோடி வருஷத்துக்கு முன்பே ஓசூரை முக்கி வைத்திருப்பார் என்று நம்பினேன். பயந்தவனுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டியிருக்கிறது பாருங்கள்.

எட்டாம் நாள் கொல்லையில் முளை அடித்தார்கள். ஆபீசர் சொல்ல, நான்தான் அடித்தேன். பன்னிரண்டு முளை, ஒவ்வொன்றிலும் சிவப்புத் துணி. வெட்டப்போவது பன்னிரண்டு குழி, ஒவ்வொன்றும் இரண்டு ஆள் ஆழம். கதிர் பால் பிடித்து நின்ற சமயம். அறுப்புக்கு ஒரு மாதம் இருந்தது. வெட்டின மண்ணைக் கொட்ட இடம், ஆட்கள் நடக்க வழி என்று போனால் பயிரில் மிஞ்சுவது வரப்போரம்தான். அந்த வருஷத்துச் சாப்பாடு அவர்களுக்கு அதில்தான் இருந்தது.

அந்த அம்மாள் வரப்பில் நின்று பார்த்தாள். கூச்சல் போடவில்லை. ஒரு கதிரை ஒடித்துக்கொண்டு வந்து என் கையில் வைத்து, நகத்தால் ஒரு மணியை நசுக்கினாள். பால் வந்தது.

"ஒரு பைன்னீங்களே, சாமி."

நான் ஆபீசரைப் பார்த்தேன். ஆபீசர் வரைபடத்தைப் பார்த்தார்.

அன்று மாலை டீ குடிக்கும்போது சொல்லிவிட்டேன். "சார், அந்த முப்பத்தேழு அந்தமான் பை. நான் துவைக்கல."

அவர் கிளாசைக் கீழே வைத்தார். "உதறினியா?"

"ரெண்டு தட்டு தட்டினேன் சார்."

"அப்ப போயிருக்கும்."

"போகல சார். அதுதான் லெட்டரா வந்திருக்கு."

மீதி டீயை எடுத்துக் குடித்து முடித்தார். பிறகு சாந்தமாகச் சொன்னார்: "ரிப்போர்ட் போயாச்சு. புதன்கிழமை மேனேஜர் வர்றார். குழி வெட்டினா தானா தெரிஞ்சுடப் போகுது. கடல் இல்லைன்னா இல்லைன்னு எழுதிடுவோம். நீ துவைக்கலைங்கிறதை எதுக்கு இப்ப எல்லார்கிட்டயும் சொல்லணும்? உனக்கும் நல்லதில்லை, எனக்கும் நல்லதில்லை."

"அந்தம்மா பயிரு சார்."

"கம்பெனி ஏதாவது பாத்துக் குடுக்கும்பா."

எனக்கு இதுதான் ஆறவில்லை. தெரியாமல் வெட்டுகிறவன் வேறு. இல்லை என்று தெரிந்தும், இல்லாததை நிரூபிக்க இன்னொருத்தர் சோற்றைத் தோண்டச் சொல்கிறார். அதுவும் எனக்கு உதவி செய்கிற குரலில். நான் என்ன செய்தேன்? கிளாசை அலம்பி வைத்தேன். அந்தக் கோபத்திலும் அவருடைய கிளாசையும் சேர்த்து அலம்பினேன் என்பதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

மறுநாள் காலை அந்த அம்மாளிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். பை, அந்தமான், தும்மல், லெட்டர் எல்லாம். களைக்கொத்தைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"அப்ப எங்க கொல்லையில கடலு இல்ல."

"இல்லம்மா."

"அது எனக்குத் தெரியும். ஒனக்கு எப்பத் தெரியும்?"

அவள் வாயிலிருந்து 'சாமி' போய்விட்டது. "லெட்டர் வந்த அன்னிக்கே."

"எத்தினி நாளாச்சு?"

"ஒம்பது நாள்."

தெலுங்கில் ஏதோ சொன்னாள். எனக்குத் தெலுங்கு தெரியாதது அன்றைக்கு ஒரு பாக்கியம். பிறகு களைக்கொத்தை நீட்டிக் கொல்லை மூலையைக் காட்டினாள். "அந்தா கெணறு. ஆறு ஆள் ஆழம். எங்க மாமனாரு பாற வரைக்கும் வெட்டி வெச்சிருக்காரு. பூமிக்குள்ள என்னா இருக்குதுன்னு பாக்கணும்னா அதுல எட்டிப் பாக்க வேண்டியதுதானே? படிச்சவங்க இத்தினி பேரு வந்தீங்க, தண்ணி வாங்கிக் குடிச்சீங்க. ஒருத்தனாச்சும் குனிஞ்சு பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம்: நாங்கள் வெட்டிய குழிதான் குழி. ரிப்போர்ட் பாரத்தில் அதற்குத்தான் கட்டம் உண்டு. குடியானவன் வெட்டின கிணற்றுக்குக் கட்டம் கிடையாது, அதனால் அது எங்கள் கண்ணில் ஒரு தண்ணீர்த் தொட்டி. முளையடிக்கும்போது கயிற்றின் ஒரு நுனியை அந்தக் கிணற்று மேட்டுக் கல்லில்தான் கட்டியிருந்தேன்.

புதன்கிழமை மேனேஜரின் ஜீப் வர பத்து மணி ஆகிவிட்டது. குழி வெட்டும் கூலி ஆட்கள் விடிந்ததுமே இறங்கியிருந்தார்கள். இரண்டு குழி முடிந்து மூன்றாவது பாதியில் இருந்தது. நான் ஜீப்பின் முன்னால் போய் நின்றேன். பேச நினைத்தது ஒரு பிரசங்கம். வாயில் வந்தது, "கிணறு, சார், கிணறு." மேனேஜர், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடிவந்தார். அதனால்தான் வந்தார், இல்லாவிட்டால் வந்திருக்க மாட்டார்.

எட்டிப் பார்த்தவரிடம் பையின் கதையைச் சொன்னேன். சொல்லிவிட்டு, எனக்குக் கிணறு என்றால் சின்ன வயதிலிருந்தே நடுக்கம் என்பதை மறந்து, சுவரில் நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லில் கால் வைத்தேன். மூன்றாவது படியில் ஞாபகம் வந்தது. அதற்குள் திரும்பி ஏறுவது இறங்குவதைவிடப் பயமாக இருந்தது. சுவரைக் கட்டிக்கொண்டு, கண்ணில் பட்டதைக் கத்தினேன்: "செம்மண்... சுக்கான் கல், ரெண்டு அடி, அதோட சரி... மக்கின பாறை... இன்னும் மக்கின பாறை..." விரித்துப் போட்ட அடுக்கு ஒன்றுகூட இல்லை. தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுத்தியலால் அடித்தேன். நெருப்புப் பொறி பறந்தது. கருங்கல். நெருப்பில் பிறந்த ஜாதி. "கடல் இல்ல சார்," என்று நான் கத்தியதைக் கிணறு இரண்டு தரம் திருப்பிச் சொன்னது.

மேலே மேனேஜர் ஆபீசரைப் பார்த்து, "இதை நீங்க பாக்கலையா?" என்று கேட்டார். ஆபீசர் கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். மேனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் மேலே ஏறி வந்ததும், அந்தமானை ஓசூருக்குக் கொண்டுவந்தவன் என்று என் முதுகில் தட்டினார். எதற்கும் சிரிக்கிறவன் நான். அன்றைக்கு அவர் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது. பக்கத்தில் மிதிபட்ட பயிர் கிடக்கிறது, அந்த அம்மாள் நிற்கிறாள், இவருக்கு வேடிக்கை. வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டுச் சாப்பிட ஓசூர் போனார். போகும்போது என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாக அவர் ஆபீசரிடம் சொல்ல, ஆபீசர் என்னிடம் சொன்னார். ஆபீசருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறொரு ஜில்லாவுக்கு அனுப்பினார்கள்.

ஆட்களும் ஜீப்போடு போய்விட்டார்கள். குழிகள் வாயைப் பிளந்து கிடந்தன. மூடுவதற்கு யாருக்கும் உத்தரவு இல்லை.

நான் சட்டையைக் கழற்றினேன். அந்த அம்மாள் ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள். கையில் கொடுக்கவில்லை, போட்டாள். முதல் குழியை மளமளவென்று தள்ளி மூடினேன். நிமிர்ந்து பார்த்தால் அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெள்ள மண்ண மேல கொட்டியிருக்கியே. அடுத்த வருசம் இதுல புல்லாச்சும் மொளைக்குமா? அத்தனையும் வெளிய எடு. கல்லு கீழ, செம்மண்ணு மேல."

உள்ளங்கை கொப்புளம் உடைந்திருந்தது. வேலை போயிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "நான் ஒருத்தன்தான் வெட்டினேனா? அவங்கெல்லாம் சோறு திங்கப் போயிட்டாங்க, நான்தான் அகப்பட்டேனா?"

"கோவம் வருதா? வரட்டும்" என்றாள். "அந்தக் கோவத்தோட வெட்டு. சீக்கிரம் முடியும்."

எடுத்தேன். மறுபடியும் மூடினேன். மூன்று குழிக்கு நாலு நாள் ஆயிற்று. கடைசி நாள் அவள் குழி இருந்த இடங்களில் வெறுங்காலால் மெதுவாக நடந்து பார்த்தாள். மூன்றாவதில் ஓரிடத்தில் குதிகால் அமிழ்ந்தது.

"இங்க இன்னும் ரெண்டு கூடை" என்றாள்.

போய் அள்ளிக்கொண்டு வந்தேன்.