படகுக்குள் இறக்கிய கேஸ் தோங்

போன வருடம் பள்ளி விடுமுறையில், மலேசியாவின் பொந்தியான் பக்கம் ஒரு சின்னப் படகுத்துறையில் நடந்தது இது.

சிங்கப்பூர் கப்பல் பட்டறையில் இருபது வருடம் வெல்டிங் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், தன் நாட்டுக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து பழைய பாய்மரப் படகு ஒன்றை வாங்கிவிட்டார். வீட்டுக் கூரையை மாற்ற வேண்டும் என்று நான் கத்திக்கொண்டிருந்த நேரம் அது. சரி, வாங்கியாயிற்று. மூன்று நாள் அதிலேயே தங்கலாம் என்று என்னையும் பன்னிரண்டு வயது மகளையும் கூட்டிப் போனார்.

படகில் அடுப்பு இருந்தது, கேஸ் இல்லை. கூடவே வந்த தோங், அதாவது சிலிண்டர், வெளிநாட்டு அலுமினியம். அதை நிரப்பத்தான் பாதி ஜொகூரைச் சுற்றினோம். பொந்தியான் கடைக்காரர், இது எங்கள் தோங் இல்லை, மாற்றித் தர முடியாது என்றார். கூலாயில் தொழிற்சாலைகளுக்கு கேஸ் போடுகிற இடத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சோதனைத் தேதி முடிந்து பல வருடம் ஆகிறது, தொடமாட்டோம் என்றார்கள். செனாயில் ஒருவர் நிரப்பித் தர ஒத்துக்கொண்டார், ஆனால் அவருடைய குழாய் இதன் வாயில் பொருந்தவில்லை. காரில் ஏசியும் வேலை செய்யவில்லை.

"வீட்டுல இருக்கிற தோங்க தூக்கிட்டு வந்தா முடிஞ்சிச்சு. எதுக்குங்க இந்த அலைச்சல்?" என்றேன்.

"அது பெருசு. பின்னால இருக்கிற பெட்டியில நுழையாது. தோங் அந்தப் பெட்டியிலதான் இருக்கணும், ஏன்னா..."

மீதியைக் கேட்க எனக்குப் பொறுமையில்லை. பதினைந்து வருடமாக கேஸ் அடுப்போடு புழங்குகிற எனக்கே பாடமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை, சின்ன தோங் பத்து பகாட்டில் கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி, நண்பரின் மோட்டார் சைக்கிளில் அவர் கிளம்பினார். அவர் தலை மறைந்ததும் நான் மகளோடு காரில் வீட்டுக்குப் போய், சமையலறைத் தோங்கை ரெகுலேட்டரோடு தூக்கி வந்தேன். படகின் உள்ளறையில் இருக்கைக்குப் பக்கத்தில் நிறுத்தி, அடுப்பின் பழைய ரப்பர் குழாயைச் செருகி, கிளிப்பை இறுக்கி, தோங்கைத் திறந்தும் விட்டேன். பிறகுதான் லைட்டர் இல்லையென்று தெரிந்தது. மகள் முன்னறையில் படுத்துப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள். நான் வெளியே கடைக்கு நடந்துபோய் வாங்கி வர அரைமணி நேரம் ஆகியிருக்கும்.

திரும்பி வந்து படியிறங்கும்போது லேசாக வாடை அடித்தது. ஜன்னல் திறந்துதானே இருக்கிறது என்று விட்டுவிட்டேன். கெண்டியில் தண்ணீர் பிடித்து வைத்து, லைட்டரை அடுப்பருகே நீட்டினேன்.

மேலே வாசலில் நிழல் தெரிந்தது. பக்கத்துப் படகில் தனியாக வசிக்கும் சீன அம்மா. நான் தோங்கைத் தூக்கி வந்ததைப் பார்த்திருக்கிறார். எங்கே வைத்தாய் என்று மலாயில் கேட்டார். காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது.

"ஜாங்கான்," என்றார். வேண்டாம். சத்தம் போடவில்லை, கையைத்தான் நீட்டினார். "லைட்டர என்கிட்ட கொடு. சுவிட்ச் எதையும் தொடாத. பிள்ளைய கூட்டிக்கிட்டு மேல வா."

நாங்கள் ஏறியதும் அவர் இறங்கித் தோங்கை மூடினார். படகின் மேல்தள மூடிகள் எல்லாவற்றையும் திறந்துபோட்டு வெகுநேரம் காத்திருந்தபின், என்னைக் கூப்பிட்டுத் தரைப்பலகையைத் தூக்கி முகரச் சொன்னார். குப்பென்று அடித்ததில் தலை சுற்றியது. ரப்பர் குழாயில் விரல் நீளத்துக்கு வெடிப்பு.

வீட்டில் கசிந்தால் கதவு வழியாகப் போய்விடும், படகு ஒரு சட்டி மாதிரி என்று அவர் விளக்கினார். காற்றைவிட கனமான கேஸ் அடியில் போய்த் தங்கிக்கொள்ளும். பின்பக்கப் பெட்டிக்கு அடியில் கடல்பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறது, கசிவதெல்லாம் அதன் வழியே வெளியேறிவிடும். இதைத்தான் என் வீட்டுக்காரர் சொல்ல வந்திருக்கிறார்.

பிறகு பிளாஸ்டிக் வாளியால் அடித்தளத்திலிருந்து அந்த கேஸை மொண்டு மொண்டு கடலில் கொட்டினோம். ஆள் மாற்றி ஆள், ஒரு மணி நேரம். கரையில் நின்ற மகள், "அம்மா, வாளியில ஒண்ணுமே இல்லையே" என்றாள்.

அந்த நேரத்தில்தான் சின்ன தோங்கோடு என் வீட்டுக்காரர் வந்து நின்றார். சீன அம்மா நடந்ததைச் சொன்னார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் பலகையில் உட்கார்ந்துவிட்டார். மகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஒரு நிமிஷம் நான் சொல்றத கேட்டிருக்கலாம்ல?" என்றார், அவ்வளவுதான்.

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தேன்.

ஒரு நாள் முழுக்க வெயிலில் அலைய வைத்தவர்மேல் எனக்கு வந்த எரிச்சல் நியாயமானது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் முன்னறையில் என் பிள்ளை படுத்திருக்க அந்த லைட்டரை நீட்டியதும் அதே நியாயமான எரிச்சல்தான் என்று நினைக்கும்போது, என் கையைப் பார்க்க எனக்கே பயமாக இருக்கிறது.