நாலு போட்டுப் பத்து எழுதியவர்

என் அக்கா வீட்டுக்காரர் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் பதினாறு வருஷமாகத் தற்காலிகம். பதினாறு வருஷம் தற்காலிகமாகவே இருப்பதற்கு ஒரு தனித் திறமை வேண்டும். அது அவரிடம் தாராளமாக இருந்தது. அதே ஆராய்ச்சிக் கூடத்தில் நான் ஸ்டோர் கீப்பர். பூட்டைத் திறப்பதும் மூடுவதும் தவிர எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் நான் நிரந்தரம். இதை அக்கா வாரம் ஒருமுறையாவது எங்கள் இரண்டு பேர் காதிலும் போட்டுவிடுவாள்.

மாமாவுக்கு வேலை சவ்வு போடுவது. தண்ணீர் வடிகட்டுகிற பாலிமர் சவ்வு. பாலிமர் மணிகளைக் கரைத்துக் கலக்கினால் தேன் பதத்தில் ஒரு கரைசல் வரும். அதைக் கண்ணாடிப் பலகையில் ஊற்றி, நீளக் கத்தியால் ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். பிறகு பலகையைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினால், அதுவரை கண்ணுக்கே தெரியாமல் ஒட்டிக் கிடந்த படலம் சட்டென்று வெளுத்து, தாளாகக் கழன்று மிதக்கும். இழுக்கும்போது மூச்சு விட்டால்கூட வரி விழும் என்பார் மாமா. அத்தனை நிதானமான கை அது. வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கச் சொன்னால் மட்டும் அதே கைக்குத் தோள்பட்டை வலி வந்துவிடும்.

அந்தச் சவ்வில் கலக்கிற ஒரு பொடியால்தான் எங்கள் கூடத்தை நடத்துகிற பேராசிரியர் பெரிய மனிதர் ஆனார். உலோக-கரிமச் சட்டகம் என்று அதற்குப் பெயர். உலோகத்தையும் கரிமத்தையும் கோத்துக் கட்டிய கூடு, உள்ளே முழுக்க நுண்ணிய ஓட்டைகள். ஒரு கிராம் பொடியை உள்பக்கமாகப் பிரித்து விரித்தால் ஒரு விளையாட்டு மைதானமே நிரம்பும் என்று அவர் ஏறிய மேடையில் எல்லாம் சொல்வார். அதைக் கலந்த சவ்வு சாயத்தை நிறுத்திக்கொண்டு தண்ணீரை மட்டும் இரண்டு மடங்கு வேகத்தில் விடும். இதெல்லாம் சத்தியமான உண்மை. பொய் ஒன்றே ஒன்றுதான்: நூற்றுக்குப் பத்து.

பத்து என்பது சோதனையில் கிடைத்த எண் இல்லை. சோதனை தொடங்குவதற்கு முன்பே, நிதி கேட்டு எழுதிய விண்ணப்பத்தில் அது உட்கார்ந்துவிட்டது. மாமாவும் சொன்னபடி நூறு பங்கு பாலிமருக்குப் பத்துப் பங்கு பொடி போட்டார். பொடி கட்டி தட்டியது. கட்டி இருந்த இடமெல்லாம் சவ்வில் ஊசித்துளை விழுந்தது. சோதனைக் கிண்ணத்தில் சவ்வை இறுக்கி, மேலே நீலச் சாயத் தண்ணீரை ஊற்றி அழுத்தம் கொடுத்தால், கீழேயும் நீலமாகவே இறங்கியது. ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்தார். நாலில் பளிங்குபோலத் தண்ணீர் இறங்கியது. மனிதர் நேரே பேராசிரியர் அறைக்குப் போய்விட்டார்.

"சார், பத்து போட்டா கட்டி தட்டுது. நாலு போட்டா அருமையா வருது."

பேராசிரியர் கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. "நாலுன்னா எவன் படிப்பான்? உனக்குக் கலக்கத் தெரியல. பத்து போடு, பத்துன்னு எழுது."

மாமா நாலு போட்டார், பத்து என்று எழுதினார். மறுநாள் தெளிந்த தண்ணீரைப் பார்த்த பேராசிரியர், "பாத்தியா, நான் சொன்னேன்ல?" என்று அவர் முதுகில் தட்டிக்கொடுத்தார். மூன்று வருஷம் இப்படியே ஓடியது. கட்டுரை வந்தது, விருது வந்தது, அறைக்குப் புது நாற்காலி வந்தது. ஸ்டோரில் பொடி மட்டும் தீரவே இல்லை. நான் கேட்டதற்கு, "மாப்ளே, கண்டும் காணாம இரு" என்றார் மாமா. நானும் இருந்தேன். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் மாமாவுக்கு ஐம்பது முடிய ஒரு மாதம் இருந்தது. ஐம்பது முடிந்தால் நிரந்தரம் கிடையாது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அக்கா விண்ணப்பத்தைத் தானே நிரப்பி, கையெழுத்து போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளியும் வைத்து அனுப்பினாள். பேராசிரியர் பரிந்துரை எழுதினார். ஆபீஸ் தபாலோடு தபாலாக அது என் மேஜைக்கும் வந்தது. இரண்டே வரி: 'சொன்னதைச் சொன்னபடி செய்வார். சுயமாக யோசிக்கத் தேவையில்லாத பணி.'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நகல் எடுத்துப் போய் மாமாவிடம் நீட்டினேன். தொட்டித் தண்ணீரை மாற்றிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"இதை வச்சுக்கிட்டு எவன் மாமா உங்களுக்கு வேலை குடுப்பான்?"

"உள்ளதைத்தானே எழுதியிருக்காரு" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இந்த மனிதருக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று நான் பொருமிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் திட்டத்தைப் பரிசீலிக்க ஆய்வுக்குழு வந்தது. வேறு இரண்டு ஆராய்ச்சிக் கூடங்கள் கட்டுரையில் உள்ளபடி பத்து போட்டுப் பார்த்து, நீலத் தண்ணீரும் தலைவலியுமாகப் புகார் எழுதியிருந்தன. திட்டத்தை நீட்டிப்பதா வேண்டாமா, ஆட்களை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்பதெல்லாம் அந்தக் குழு கையில்தான். "அவங்களுக்குக் கை வரல, அவ்வளவுதான். எங்க ஆளு உங்க கண்ணு முன்னாலயே போட்டுக் காட்டுவாரு" என்றார் பேராசிரியர்.

மாமா கட்டுரையின் அச்சுப் பிரதியைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். பொடியை நிறுத்தார். தராசில் எண் நாலைத் தாண்டிப் போனது. பத்தில் நின்றது. கலக்கினார், இழுத்தார், தொட்டியில் இறக்கினார். கை ஒரு நூல்கூடப் பிசகவில்லை. சவ்வை வட்டமாக வெட்டிக் கிண்ணத்தில் இறுக்கினார். மேலே நீலம் ஊற்றினார். கீழே நீலம் சொட்டியது.

பேராசிரியர் முகம் கறுத்தது. "என்னத்தை விட்டே?"

"ஒண்ணும் விடல சார். இன்னைக்குத்தான் விடாம போட்டிருக்கேன்."

குழுத் தலைவி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப இத்தனை நாளா?"

"நாலு, மேடம்."

"நாலுன்னு யாரு கண்டுபிடிச்சது?"

மாமா வாயைத் திறப்பதற்குள் பேராசிரியர் முந்திக்கொண்டார். "நாங்க ஏற்கெனவே அந்தத் திசையிலதான் யோசிச்சுக்கிட்டு இருந்தோம்."

இரண்டாம் நாள் மாமாவுக்கு மெமோ வந்தது. மூன்று வருஷமாகச் சோதனைக் குறிப்பேட்டில் பொய்யான அளவு எழுதிய குற்றம், ஏழு நாளைக்குள் விளக்கம். மெமோ நிலுவையில் இருந்தால் நிரந்தரம் இல்லை. பேராசிரியரோ நாலைப் பற்றிப் புதுக் கட்டுரை எழுத ஆரம்பித்திருந்தார்.

நான் மூன்று பக்கத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டு போனேன். நியாயம், மனசாட்சி, பதினாறு வருஷ உழைப்பு எல்லாம் இருந்தது. மாமா படித்துவிட்டு, "நல்லா அழுதிருக்க மாப்ளே" என்று திருப்பிக் கொடுத்தார். அவர் எழுதியது ஒரே வரி: 'பத்து என்று எழுதச் சொன்னார்கள், சொன்னதைச் சொன்னபடி எழுதினேன்.' கீழே, 'இணைப்பு: பேராசிரியர் அளித்த பரிந்துரையின் நகல்.'

நிர்வாகம் விழித்தது. சொன்னதை மட்டும் செய்கிறவர் என்றால் பொய் பேராசிரியருடையது. சுயமாக யோசித்தவர் என்றால் பரிந்துரையே பொய், நாலும் மாமாவுடையது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பேராசிரியர் காலில்தான் இடித்தது. அவரே போய் மெமோவைத் திரும்ப வாங்க வைத்தார். ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நாலு நாள் இருக்கும்போது குழுத் தலைவி கையெழுத்திட்ட நிரந்தர உத்தரவு வந்தது. அக்கா அதைப் படித்துவிட்டு அழுதாள். அழுகை முடிந்ததும் சுவருக்கு எப்போது வெள்ளையடிப்பது என்று கேட்டாள்.

அடுத்த வாரம் பேராசிரியர் ஒன்றுமே நடக்காததுபோல மாமாவின் மேஜைக்கு வந்தார். நான் பொடி டப்பாவோடு அங்கேதான் நின்றிருந்தேன்.

"நாலு பழசாயிடுச்சு. அடுத்ததுக்கு ஏழுன்னு போடுவோம்."

"போடுறேன் சார்" என்று மாமா குறிப்பேட்டைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தி, பேனாவையும் மூடி திறந்து மேலே வைத்தார். "நோட்டுல மட்டும் நீங்களே எழுதிடுங்க."