ஓடை இடம் மாறிய மேப்

எங்கள் சர்வே வேலையில் தப்பாக அளந்தாலும் அடி, சரியாக அளந்தாலும் அடி. மேப்பைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊருக்குள் போனவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்.

சங்கிலி மேல் கால்

ஆந்திரா தனியாகப் பிரிந்து, எல்லைத் தகராறு நடந்த சமயம். சத்தியவேடு பக்கம் ஒரு சின்ன ஊர். எல்லை அங்கே ஓடையை ஒட்டிப் போகும் என்று பேச்சு. வெள்ளைக்காரன் காலத்து மேப்பில் ஓடை ஊருக்கு வடக்கே இருந்தது. நேரில் பார்த்தால் தெற்கே ஓடுகிறது. எப்போதோ வந்த வெள்ளத்தில் தடம் மாறிவிட்டதாம். மேப்பை நம்பினால் ஊர் சென்னை ராஜ்யத்துக்கு. தண்ணீரை நம்பினால் ஆந்திராவுக்கு.

நாங்கள் அளவுச் சங்கிலியை இழுத்ததும் முனுசாமி என்ற விவசாயி வந்து அதன்மேல் காலை வைத்தார். பின்னால் பத்துப் பதினைந்து பேர், கையில் மண்வெட்டி. முனுசாமி குரலை உயர்த்தவே இல்லை.

"அளந்துக்கினு போ சார். எங்க ஊரை மட்டும் தமிழ்ப் பக்கம் உட்டுட்டுப் போ."

கிழிந்த மலை

மறுநாள் முனுசாமியின் தம்பி கோவிந்தன் வந்தார். அவர் பிள்ளைகள் புத்தூரில் தெலுங்குப் பள்ளியில் படித்தார்கள். ஊர் ஆந்திராவில்தான் இருக்க வேண்டும் என்றார். அண்ணன் மேப்பைப் பிடுங்கினார், தம்பி மறுமுனையை இழுத்தார். மேப்பில் இருந்த ஒரு மலை முழுதாகக் கிழிந்தது. சர்க்கார் மேப், என் வேலை போச்சு என்றே நினைத்தேன். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். முனுசாமியின் சம்சாரம் ஒரு கிண்ணத்தில் சோற்றுக் கஞ்சி கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள்.

"காயிதத்தை இதால ஒட்டிடலாம் சார். இவங்க ரெண்டு பேரை எதால ஒட்டறது?"

கல் நட்ட நாள்

சித்தூர் ஆபீசில் மேலதிகாரி, "பழைய மேப்படியே வரைஞ்சுடு, எதுக்கு வம்பு?" என்றார். ராத்திரியெல்லாம் யோசித்தும் கை வரவில்லை. முழங்கால் தண்ணீரில் நடந்து பார்த்த ஓடை அது. தெற்கேதான் வரைந்தேன். ஊர் ஆந்திராவோடு நின்றது.

எல்லைக்கல் நட என்னையே அனுப்பினார்கள். முனுசாமி தூரத்தில் வருவதைப் பார்த்ததும் சங்கிலி ஆள் என் பின்னால் ஒதுங்கினான். வந்தவர் குழியருகே உட்கார்ந்தார். கண் சிவந்திருந்தது. இரண்டு கையாலும் கல்லைப் பிடித்துக்கொண்டார்.

"நேரா நடு சார். கோணலா நட்டா, இன்னொருத்தன் அளக்க வருவான்."

ரெண்டு ராஜ்யத்துக்கும் எல்லை காட்டிய எனக்கு, அந்த ஊரில் அண்ணன் வீட்டில் மோர் வாங்கிக் குடிப்பதா, தம்பி வீட்டிலா என்பது மட்டும் கடைசிவரை பிடிபடவில்லை.