வெட்ட முடியாமல் விட்ட இருமல்

ஒரு பழைய ஆங்கில ராக் குழுவின் கச்சேரிகளை ரசிகர்கள் ரகசியமாகப் பதிவு செய்த கேசட்டுகளைச் சேர்த்து, ஒப்பிட்டுக் கேட்பது என் பழக்கம். பிரான்ஸில் நடந்த அவர்கள் கச்சேரி ஒன்றை, அங்கே வாழ்ந்த அண்ணன் பதிவு செய்து அனுப்பிய கேசட்டில் அவர் பேச்சும் இருமலும்தான் அதிகம். கணினியில் ஏற்றும்போது அவற்றை வெட்டிவிட்டு, கேசட்டைக் குப்பையில் போட்டேன்.

அண்ணன் இறந்தபின் அண்ணி காரைக்காலில் என் வீட்டுக்கு வந்தார்.

"பாட்டு கேக்க விடாம தொணதொணக்குறாருன்னு திட்டுவீங்களே தம்பி, அந்தக் கேசட்டைப் போடுங்க. அவரு சின்ன வயசுக் குரலைக் கேக்கணும்."

உண்மையைச் சொல்லாமல், வெட்டிய பதிவைப் போட்டேன். கடைசிப் பாட்டில், இசையோடு கலந்திருந்ததால் வெட்ட முடியாமல் விட்ட ஒரேயொரு இருமல் கேட்டது.

"அவருதான். திரும்பப் போடுங்க" என்றார் அண்ணி. அதையே பலமுறை போட்டேன்.

இப்போது எந்தப் பதிவிலும் யார் சத்தத்தையும் நான் வெட்டுவதில்லை.